பெனிசிலினுக்கு அடங்காத மலை

மாட்டு டாக்டர் உத்தியோகத்தில் மாடு ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. மற்ற எல்லாரும் பேசினார்கள். எழுபதுகளின் கடைசியில் என்னை ஜவ்வாது மலையில் ஒரு கால்நடை மருந்தகத்தில் போட்டிருந்தார்கள். இதே தொழிலில் நொந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. துணைக்கு ஆள் இருக்கிறது என்று வேண்டுமானால் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

முள் வைத்தியம்

சாமைக்கு உழவு நடக்கும் நேரம். ஒருவர் நொண்டுகிற காளையை ஓட்டிக்கொண்டு வந்தார். குளம்பிடுக்கில் முள். பிடுங்கி, கழுவி, மருந்து தடவி, போகலாம் என்றேன். அவர் நகரவில்லை. பெனிசிலின் ஊசி போட்டால்தான் அவருக்கு வைத்தியம் முடிந்த மாதிரி. சீழ் பிடிக்கவில்லை, ஊசி வேண்டாம், வேண்டாததற்கெல்லாம் போட்டால் வேண்டியபோது மருந்து கேட்காது என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கூட வந்தவரிடம் சொன்னார்: "முள்ளு எடுக்க நம்மூர்ல ஆளு இல்லியா? ஊசி போடத்தானே இவர அனுப்பி வச்சிருக்காங்க."

தொழில் ரகசியம்

நான் போடாத ஊசியை ஏழுமலை போட்டான். மலையடிவாரத்து ஆலங்காயத்தில் ஒரு மருந்துக்கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவன், சிரிஞ்சு ஒன்று கைக்கு வந்ததும் டாக்டராகிவிட்டான். ஒரு மாட்டுக்கான மருந்தை மூன்று மாட்டுக்குப் பங்கு வைப்பான். மாடு தலைநிமிர்ந்து புல்லைக் கடித்துவிட்டால் அதோடு மருந்தை நிறுத்திவிடுவான்.

ஒருநாள் மலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். அரைகுறையாக அடிபட்ட கிருமி பிழைத்துக்கொண்டு, அடுத்த தடவை அந்த மருந்துக்கே அடங்காமல் போய்விடும் என்றேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. "முழுசா குணமாயிட்டா அப்புறம் என்னிய யாருங்க கூப்புடுவாங்க?"

உறையாத தயிர்

ஆலங்காயத்தில் நான் சாப்பிடுகிற ஓட்டலில் தயிர் உறையவில்லை. முதலாளி பானையை மாற்றினார், உறைமோரை மாற்றினார், கடைசியில் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினார். பால்காரரை விசாரித்தேன். அவர் மாட்டுக்கு ஏழுமலையின் ஊசி நடந்துகொண்டிருந்தது. மருந்து பாலிலும் இறங்கும், உறைமோரை வேலை செய்யவிடாது, ஊசி போட்டு சில நாள்வரை பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும் என்றேன். பால்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஊசி மாட்டுக்குத்தானே போட்டது? பாலுக்கு இன்னாத்துக்கு சார் பத்தியம்?"

மேலிடத்து ஞானம்

நெல்லிவாசல் பக்கம் காளியம்மா என்ற பெண்ணுக்கு ஒரே ஒரு கறவை மாடு. மடி கல்லாக இறுகி, பாலில் ரத்தம் கலந்து வந்தது. முறையாக, முழு அளவு பெனிசிலின் போட்டேன். வீக்கம் அசையவில்லை. பாலைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் வேலூருக்கு எடுத்துப்போய்ப் பரிசோதிக்கக் கொடுத்தேன். பெனிசிலின் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, வேறு மருந்துதான் கேட்கும் என்று பதில் வந்தது. அந்த மருந்து எங்கள் இருப்பில் இல்லை.

அதைக் கேட்டும், மலையில் மற்ற மாடுகளின் பாலையும் பரிசோதிக்க அனுமதி கேட்டும் மேலதிகாரியிடம் போனேன். காபியை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "மருந்து கேக்கலைன்னு எழுதாதீங்க, மேல கேள்வி வரும். மாடு கேக்கலைன்னு எழுதுங்க."

காளியம்மா கேட்டது

அந்த மருந்தை வேலூரில் நானே தேடி வாங்கிக்கொண்டு மலையேறினேன். வீக்கம் வடிந்தது, மாடு பிழைத்தது. ஆனால் இரண்டு காம்பு வற்றியது வற்றியதுதான். கன்று அந்தக் காம்புகளை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு விலகியது. நான் வருவதற்கு முன்னால் யார் ஊசி போட்டார்கள் என்று, பதில் தெரிந்திருந்தும், கேட்டேன். ஏழுமலை, மாசாமாசம் என்றாள். அவன் போட்ட அரை ஊசிகளில்தான் மருந்து கேட்காமல் போனது என்று எடுத்துச் சொன்னேன்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. கன்றை இழுத்துக் கட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எம்மாட்டுக்கு ரெண்டு காம்பு போச்சு டாக்டரு. ஊசி போட்டவனுக்கு இன்னா போச்சு?"

நான் அந்த மலையில் இருந்தவரை பெனிசிலினைப் பற்றி ஒழுங்காகப் படித்துத் தேறியவை கிருமிகள் மட்டும்தான்.