நிற்காமல் போன ஆலைப் பேருந்து

என் தங்கையின் ஒரே மகன் மூன்று நாள் காய்ச்சலில் இறந்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் காலைப் பணி செய்து வந்தவன். கருமம் முடிந்து உறவினர் கலைந்த பின், ஆசிரியை வேலையில் ஓய்வு பெற்றிருந்த நான், திருவள்ளூரில் என் வீட்டைப் பூட்டிவிட்டு ஆரம்பாக்கத்தில் அவளோடு தங்கினேன். அவளை உண்ண வைப்பதொன்றே என் வேலையாயிற்று. நாளெல்லாம் வாய் திறவாள். ஒரு கவளத்துக்கு ஒரு மணி நேரம் மன்றாட வேண்டும்.

பிற்பகல் மூன்றரைக்கு மட்டும் தலை வாரிக்கொண்டு சாலைக்குப் போவாள்; நானும் பின்னாலேயே போவேன். மகன் இறங்கும் இடத்தில் ஆலைப் பேருந்து அப்போதும் நின்றது. அங்கு இறங்க இனி ஒருவருமில்லை. இவளைக் கண்டு ஓட்டுநர் நிறுத்துவார். மகனோடு பணி செய்தவர்கள் சன்னலில் தலை நீட்டுவர்.

“இன்னாம்மா, துன்னியா இல்லியா? காத்தடிச்சா பறந்துடுவ போலக்குதே!”

“கம்பெனி சோத்துல தொந்தி போட்டுக்கினு நீ என்னிய சொல்ல வந்துட்டியாடா?” என்று இவளும் திருப்பிக் கேட்பாள்.

பேருந்து நகர்ந்ததும் வீடு திரும்பி, மகன் இறங்கவில்லை என்பதை அன்றுதான் அறிந்தவள்போல் அழுவாள். அந்த அழுகையை மட்டுமே நான் கண்டேன். அதற்கு முன் அவள் பேசினாள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறன்று தேநீர்க் கடையில் ஓட்டுநரைக் கண்டேன். “இனிமே அங்க நிறுத்தாதீங்க. அவளால தாங்க முடியல.”

“அந்தம்மா நின்னுக்கினு இருக்கும்போது எப்டி டீச்சர் போறது?”

“அவ நல்லதுக்குத்தான் கேக்கறேன்.”

அரைமனத்தோடு தலையசைத்தார்.

மறுநாள் பேருந்து நிற்கவில்லை. சன்னல்களில் ஒரு முகமும் அவள் பக்கம் திரும்பவில்லை. அன்று அவள் அழவில்லை. தேறிவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் மூன்றரைக்கு அவள் எழவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் சோற்றைத் தொடவில்லை, நீரையும் மறுத்தாள்.

மூன்றாம் நாள் நானே சாலையில் நின்று கை நீட்டினேன். பேருந்து நின்றது.

“நான் சொன்னது தப்பு. நாளைலேந்து நிறுத்துங்க.”

“அதுக்கின்னா டீச்சர், நிறுத்தறேன். கூட்டிக்கினு வாங்க.”

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தேன். “எழுந்திரு. நாளைக்கு வண்டி நிக்கும். நான் சொல்லிட்டு வந்துட்டேன்.”

அவள் மெல்லத் திரும்பினாள். “அப்ப, அன்னிக்கு நிக்காம போனதும் நீ சொல்லித்தானாக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆம் என்றேன்.

“என் புள்ளைய நெனச்சி நிக்குதுன்னு இருந்தேன். நீ சொன்னா நிக்கிற வண்டி எனக்கு இன்னாத்துக்கு?”

மீண்டும் சுவர்ப்பக்கம் புரண்டாள். கஞ்சிக் குவளையை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். “ஒரு வாய்” என்றேன். அவள் பற்களை இறுகக் கடித்திருந்தாள். கஞ்சி கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கிற்று. “ஒரே ஒரு வாய்டி” என்று மறுபடியும் கெஞ்சினேன்.