கட்டாரால வந்த கார்ட்

கம்பியூட்டர் திருத்துறவன்ட கடைக்கு நல்ல செய்தியோட ஆரும் வாறதில்ல. கல்முனை பஸாரில பதினெட்டு வருசமா கடை வெச்சிருக்கன், ஊருக்கே நான் நானா, மூத்த அண்ணன் மாதிரி. "நானா, என்ட மெசின் நல்லா வேல செய்யிது, சொல்லிட்டுப் போவம் எண்டு வந்தன்" எண்டு இண்டு வரைக்கும் ஒரு மனிசன் வந்து சொன்னதில்ல.

வைரஸ் எண்டா துரத்தலாம். ஹார்ட் டிஸ்க் போனா செத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி இன்னாலில்லாஹி சொல்லி அனுப்பிடலாம். கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் போடுற வேலைதான் மனிசன உசிரோட தின்னும். கார்ட் எண்டது திரையில படத்தக் கீறிக் காட்டுற சாமான். டிரைவர் எண்டது அந்தக் கார்டுக்கும் மெசினுக்கும் நடுவில கலியாணம் பேசுற புரோக்கர் மாதிரி. புரோக்கர் ஒழுங்காக் கதைச்சாத்தான் காரியம் நடக்கும், இல்லாட்டி கறுப்புத் திரையப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இதே தொழிலில கிடந்து மாரடிக்கிற சகோதரங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவல்ல. மத்தவங்களுக்கு, போன வருசம் ஒரு கிழமை முழுக்க நான் பட்ட பாட்டச் சொல்றன்.

பால்மா பேக்கட்டுக்கு நடுவில

சனிக்கிழமை காலத்தால ஒலுவிலிலிருந்து சுமையா எண்ட புள்ள ஆட்டோவில வந்து இறங்கினா. மடியில சிபியு பெட்டி, அதுக்கு மேல பழைய சாரன் துணியால சுத்தின ஒரு பொதி. அவட காக்கா, கூடப் பொறந்த மூத்தவர் நிஸார், கட்டாரில லொறி ஓட்டுறார். அவர் ஊட்டுக்கு அனுப்பின கார்கோ பெட்டியில பால்மா பேக்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில இந்தப் பொதியும் வந்திருக்கு. அவிழ்த்துப் பாத்தன், புத்தம் புது கிராபிக்ஸ் கார்ட். விலை கூடின பெரிய சாதிச் சாமான். எனக்கே கை கூசிச்சு.

சுமையா கட்டப்போற வீடுகளக் கம்பியூட்டரில கீறி, உள்ளுக்க நடந்து பாக்கிற மாதிரி வீடியோ செய்யிற புள்ள. வெளிநாட்டுக் கம்பனி ஒண்டு அவக்கு ஒரு சோதினை வெச்சிருந்திச்சு. ஒரு முழு வீட்டையும் செஞ்சு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முதல் அனுப்பணும். புடிச்சுப் போச்சு எண்டா மாதச் சம்பள வேல, ஊட்டுல இருந்தே செய்யலாம். அவட பழைய மெசினுக்கு அந்தப் பாரம் இழுக்கேலாது எண்டுதான் காக்கா கார்ட் அனுப்பினது.

கார்டப் பூட்டி டிரைவரப் போட்டன். தொண்ணூறு வீதம் வரைக்கும் மாப்பிள்ளை மாதிரி போச்சு. பொறகு திரை கறுத்து, மெசின் தானா நிண்டு, திரும்ப எழும்பி, கார்ட் வேல செய்யல்ல எண்டு எழுதிக் காட்டிச்சு. கழட்டிட்டு வேற டிரைவர் போட்டன். அதே கூத்துத்தான். "விட்டுட்டுப் போங்க தங்கச்சி, பாப்பம்" எண்டு சொன்னன். வாசல் வரைக்கும் போன புள்ள திரும்பி நிண்டு சொன்னா: "நானா, காக்கா ஒம்பது வருசமா அங்க கிடக்கார், அவர்ட மகன் அவர போன்லதான் கண்டிரிக்கான். இந்த வேல கிடைச்சா முதல் சம்பளத்தில அவருக்கு டிக்கட் எடுப்பன், வாறதுக்கு மட்டும். திரும்பிப் போற டிக்கட் இல்லாம."

சட்டை போட்ட மெசின்

எங்கட பகுதியில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்டாட்டிட ஊட்டுக்குப் போறது. சாய்ந்தமருதுல புது மாப்பிள்ளை ரிஸ்மி, உடுப்புப் பெட்டியோட தன்ட கேம் அடிக்கிற கம்பியூட்டரையும் கொண்டு போயிருக்கான். போன நாளிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மெசின் நிக்குதாம். டிரைவர்தான் பிழை எண்டு அவனே பதினொரு தரம் கழட்டிப் போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை போனைப் போட்டு அழாக்குறையாக் கூப்பிட்டான்.

போய்ப் பாத்தா, யா அல்லாஹ்! மாமியார் அந்த மெசினுக்குச் சிவப்பு வெல்வெட்டில சட்டை தைச்சுப் போட்டிருக்காங்க. ஓரத்துக்கு லேஸ், அடியில இலாஸ்டிக். சுவிச்ச அமத்துறதுக்கு முன்னால மட்டும் ஒரு ஓட்டை. உள்ளுக்க கார்ட் வெந்து கிடக்கு, தொட்ட விரல் சுட்டுது. சட்டையக் கழட்டினன், ரெண்டு மணித்தியாலம் நிக்காம ஓடிச்சு. ரிஸ்மி எனக்கு முன்னால நிண்டு தலையச் சொறியிறான், மாமியிட்ட வாய் திறக்க அவனுக்கு இன்னும் தைரியம் வரல்ல. நானே சொன்னன், "மாமி, இதுக்குக் காத்து வேணும், இனி இதப் போடாதீங்க." அவங்க சட்டைய மடிச்சுக் கையில வெச்சுக்கொண்டு என்ன ஒரு பார்வை பாத்தாங்க: "மருமகன்ட சாமான அம்மணமா வெச்சா வாறவங்கட கண்ணூறு படாதா, மகன்?"

ரெண்டு துளி

அங்கிருந்து நேரா கடைக்கு வந்து சுமையாட கார்டத் தொட்டுப் பாத்தன். சூடு ஒரு பிரச்சினையும் இல்ல. திங்கக்கிழமை மெசினுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டிய மாத்தினன். ஒலுவில் கடக்காத்து உப்புப் படிஞ்சிருக்கும் எண்டு பூட்டுற இடத்த அழிரப்பரால தேச்சன். பழைய டிரைவர், புது டிரைவர், அதுக்கும் புது டிரைவர். ஒவ்வொண்டும் தொண்ணூறு வீதத்தில வந்து படுக்குது. தொழிலுக்கு வந்த காலத்திலிருந்து இப்பிடி வெக்கப்பட்டதில்ல.

செவ்வாய்க்கிழமை சுமையாவப் பெத்த உம்மா வந்தாங்க, கையில ஒரு போத்தல். பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்ட ஓதி எடுத்த தண்ணி. "ரெண்டு துளி தெளிங்க மகன், மூண்டு ஊடு தள்ளி இருக்கிறவ அந்தக் கார்டப் பாத்து வாயப் பொளந்தவ" எண்டாங்க. "இது கரண்டில ஓடுற சாமான், தண்ணி படப்படா உம்மா" எண்டு சொல்லி இருத்திட்டு லுஹர் தொழப் போனன். வந்து பாத்தா திறந்து கிடந்த மெசின் நனைஞ்சு நிக்குது! நல்ல காலம், வயரக் கழட்டி வெச்சிட்டுத்தான் போயிருந்தன். பக்கத்து சலூனில முடி காய வெக்கிற மெசின வாங்கி ஒரு மணித்தியாலம் காய வெச்சன்.

அவ்வளவு நேரமும் அவங்க பக்கத்தில இருந்து கதைச்சாங்க. நிஸாருக்கு ஒண்டும் சொல்லிடப்படாதாம். வெளிநாட்டில தனியக் கிடக்கிற புள்ளைக்கு இஞ்சத்த கவலைய அனுப்பினா அவன் அங்க ஆரிட்டப் போய் அழுவான் எண்டு கேட்டாங்க. அவங்கட கண் ஒப்பரேசன் கூட இண்டு வரைக்கும் அவனுக்குத் தெரியாதாம். வீடியோவில கதைக்கக்குள்ள மத்தப் பக்கமாத் திரும்பி இருந்து சமாளிச்சிருக்காங்க. இதில எனக்குச் சொல்ல ஒண்டுமில்ல, எங்கட ஊரில எல்லா ஊட்டிலயும் இதான் சட்டம். கடைசியா மெசினப் போட்டன். தொண்ணூறு வீதம், கறுப்புத் திரை. உம்மா எழும்பிப் போத்தல மூடினாங்க: "தண்ணியில பிழையில்ல மகன், நீங்கதான் நம்பிக்கையில்லாமத் தொடச்சிட்டீங்க."

அலுமாரிக்குள்ள

புதன்கிழமை தம்பிலுவில்லிருந்து ஒரு வாத்தியார் சேர் போன் எடுத்தார். கணக்குப் படிப்பிச்சு பென்சனுக்குப் போன மனிசன். மகளுக்காகக் கார்ட் வாங்கினவர், டிரைவர் போடேலாம நிக்கிறார். "பொருத்தமான கார்ட் எதுவும் இல்ல எண்டு இந்த மெசின் பொய் சொல்லுது தம்பி" எண்டார். நான் ஒரு மணித்தியாலம் போனைக் காதில வெச்சுக்கொண்டு அத அமத்துங்க, இதத் திறங்க எண்டு உயிர விட்டன். சேரும் பொறுமையா ஓம் தம்பி, ஓம் தம்பி எண்டு செஞ்சார். மெசின் சொன்னதையே சொல்லிச்சு.

காது கொதிச்சு, மண்டை காஞ்சு, கடைசியில கேட்டன்: "சேர், கார்ட் உள்ளுக்க இறுகித்தானே இருக்கு?" சேர் அவசரமில்லாமச் சொன்னார்: "கார்ட் அலுமாரிக்குள்ளயெல்லோ கிடக்கு தம்பி. நாளைக்குத்தான் நல்ல நேரம் பாத்து வச்சிருக்கிறன், அதுக்கு முந்தி டிரைவரை மட்டும் போட்டு வைப்பமெண்டு பாத்தன்."

பேருக்குக் கீழ

போன வெச்சிட்டு முதல்ல சிரிச்சன். பொறகு சிரிப்பு நிண்டுபோச்சு. சேர்ட மெசின் பொய் சொல்லல்ல. கார்ட் இல்ல எண்டிச்சு, கார்ட் இல்லத்தான். அப்ப சுமையாட மெசினும் அஞ்சு நாளா எனக்கு உண்மையத்தான் சொல்லுதோ?

அவட கார்டக் கழட்டினன். காத்தாடியையும் அதுக்குக் கீழ இருந்த தகட்டையும் எடுத்து, நடுச் சிப்பில இருந்த பசையத் தொடச்சு, லென்ஸ் வெச்சு நம்பரப் பாத்தன். பத்து வருசத்துப் பழைய சிப். ஆரோ ஒரு நாசமாப் போறவன் அதுக்குப் புதுக் கார்டுட பேர எழுதி, புது உடுப்புப் போட்டு வித்திருக்கான். டிரைவர் பேர நம்பி உள்ளுக்க போய், இவன் அவனில்ல எண்டு கண்டுபுடிச்சு, ஒவ்வொரு தரமும் திரும்பி வந்திருக்கு. பழைய பேரத் தேடி எழுதியாவது ஓட்டுவம் எண்டு பாத்தன். திரை முழுக்கக் கோடு விழுந்திச்சு, மெமரியும் செத்துத்தான் கிடந்திருக்கு. வாய்க்கு வந்த ஏச்செல்லாம் ஏசினன், கேக்கிறதுக்குத்தான் அவன் இல்ல.

சுமையா வந்தா. சொன்னன். "மௌத்தா நானா?" எண்டு கேட்டா. "ஓம், செத்த சாமான்தான்" எண்டன். கடையில என்ட மெசினில இருந்த சின்னக் கார்டக் கழட்டி அவக்குப் பூட்டிக் குடுத்தன். டிரைவர் ஏறிச்சு, ஆனா அந்த வீட்டத் தூக்கிற பலம் அதுக்கில்ல. பாரத்தக் குறைக்கிறதுக்காக அவ கீறின வீட்டில இருந்து ஒவ்வொரு சாமானா எடுத்திருக்கா. முத்தத்து மரம், திரைச்சீலை, கதிரை, ஜன்னலால விழுற வெளிச்சம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பாங்குக்கு முதல் வெறும் சுவரை அனுப்பினா. அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் வந்திச்சு, வேற ஆள எடுத்திட்டாங்களாம்.

என்ட கார்டத் திருப்பித் தர வந்த நேரம் எனக்கு அவட முகத்தப் பாக்கேலாமப் போச்சு. அழல்ல அந்தப் புள்ள. கார்டத் துணியால தொடச்சு மேசையில வெச்சிட்டுச் சொன்னா: "அந்தக் கார்ட் கள்ளச் சாமான் எண்டு மட்டும் காக்காக்குத் தெரியப்படா நானா. பிழை என்னில, எனக்குத்தான் சரியாச் செய்யத் தெரியல்ல எண்டு சொல்லிட்டன்."

கட்டாரால ஒரு கோல்

ரெண்டு நாளுக்குப் பொறகு வாட்ஸ்அப்பில ஒரு கோல். பின்னால லொறிச் சத்தம், காத்துச் சத்தம். "அஸ்ஸலாமு அலைக்கும் நானா, நான் சுமையாட காக்கா" எண்டார் நிஸார். தங்கச்சி தன்னிலதான் பிழை எண்டு சொன்னாவாம், ஆனா மனம் கேக்கல்லையாம். அஞ்சு வெள்ளிக்கிழமை லீவில்லாம ஓடித்தான் அந்தக் கார்ட் எடுத்தாராம், கடைக்காரன் சத்தியம் பண்ணிக் குடுத்தானாம். "உண்மையச் சொல்லுங்க நானா, கார்டில ஏதும் பிழை இருந்திச்சா?"

உண்மை வாய் வரைக்கும் வந்திட்டுது. அந்த உம்மாட ஒப்பரேசன் செஞ்ச கண் ஞாபகம் வந்திச்சு, கார்டத் தொடச்சு வெச்ச புள்ளட கை ஞாபகம் வந்திச்சு. "கார்டில ஒரு பிழையும் இல்ல, டிரைவர் முதல் தரத்திலயே ஏறிட்டு" எண்டன். அந்தப் பக்கம் பெரிய மூச்சொண்டு விட்டார்: "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப பரவால்ல நானா, நான் இஞ்ச இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்து வெக்கன். அந்தக் கடைக்காரன் நல்ல மனிசன், அவனிட்டயே இதவிடப் பெருசா ஒண்டு எடுத்து அவக்கு அனுப்புறன்."

பதினெட்டு வருசத்தில நான் போட்டதில, கறுப்புத் திரை ஒண்டும் காட்டாம நூறு வீதமும் ஏறினது அந்தப் பொய் ஒண்டுதான்.