அண்ணி வரி, நாத்தனார் மெட்டு

என் மனைவி பாட்டு எழுதுகிறாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, "மேல் வரி தெரியுதா? கீழ் வரி?" என்று கேட்கிறவள் அவள். வாடிக்கையாளர் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதே, லென்ஸ் உறையின் பின்பக்கம் அவளுடைய வரி ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு பல்லவி லென்சோடு சேர்ந்து யாரோ ஒருவர் வீட்டுக்கே போய்விட்டது. அவரைத் துரத்திப் பிடித்து வாங்கி வந்தவன் நான்.

மெட்டுப் போடுவது என் தங்கை. கல்யாணமான புதிதில் இருவரும் கட்டில் முழுக்கத் தாளைப் பரப்பிக்கொண்டு பாட்டுக் கட்டுவார்கள்; எனக்குத் தரைதான் கிடைத்தது. மூன்றாவது பாட்டில் வந்தது வினை. "கதவோரம் நிற்கிறேன், விடை கொடு" என்று மனைவி எழுதினாள். தங்கை யாரையும் கேட்காமல் "இடம் கொடு" என்று பாட வைத்துவிட்டாள். பிரிவுப் பாட்டு காதல் பாட்டாகிவிட்டது. ஊரே பாடியது, என் மனைவியைத் தவிர.

"என் வரியில கை வைக்க அவ யாரு?" என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம், பத்தொன்பது பாட்டு, பேச்சு கிடையாது. மெட்டு என் போனுக்கு வரும், வரி என் சட்டைப்பையில் போகும்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, தாளம் ஓடுது, வரி பின்னால மூச்சு வாங்குதுன்னு."

"அண்ணா, அண்ணிகிட்ட சொல்லு, இது பாட்டு, பரீட்சைப் பேப்பர் இல்லைன்னு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அப்போதுதான் பாடகி வெடி கூப்பிட்டாள். ரசிகர்கள் வைத்த பெயர் அது. அவள் வாய் திறந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். தன் புது ஆல்பத்தில் எங்கள் பாட்டைப் பாடுகிறாளாம்! ஆனால் பதிவு நாளன்று காலை பதினோரு மணிக்கு விமானத்துக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குள் பதிவாகாவிட்டால் ஆல்பத்தில் அந்த இடம் வேறு யாருடைய பாட்டுக்கோ போய்விடும். அன்று காலை என் மனைவி செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெடியும், தாளோடு என் மனைவியும். இந்தப் பக்கம் கருவிகளுக்கு முன்னால் என் தங்கை. பத்தரை மணிக்கு வெடி கடைசி வரியில் நின்றாள்.

"'மழை நின்ற பிறகும் உன் குடைக்குள்ளே நான்'... மூச்சு முட்டுது. ஒண்ணு வரியைக் குறைங்க, இல்ல மெட்டை நீட்டுங்க. அண்ணே, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

தூது போக வேண்டிய நேரத்தில் வெந்நீருக்குப் போனேன். ஒருத்தி கொடாக்கண்டன், இன்னொருத்தி விடாக்கண்டன். பாட்டு கைவிட்டுப் போகிறதே என்று படிகளில் ஓடினேன்.

திரும்பி வந்தால் வெடி பாடிக்கொண்டிருக்கிறாள். "மழை நின்றும் உன் குடைக்குள் நான்." வரி முடிந்துவிட்டது. மெட்டு முடியவில்லை, அது மேலும் போய்க்கொண்டே இருக்கிறது. வெடி திருதிருவென விழித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நான் இல்லாத நேரத்தில் இவள் வரியை வெட்டியிருக்கிறாள், அவள் மெட்டை நீட்டியிருக்கிறாள். இரண்டு பேருமே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமல்!

மணி பத்து ஐம்பது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெந்நீரோடு சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

தங்கை மைக் பொத்தானை அழுத்தினாள். "அண்ணி, எதுக்கு வெட்டினீங்க? உங்க வரிக்காகத்தானே மெட்டை நீட்டினேன். பழைய வரியே இருக்கட்டும். ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்."

பழைய வரியைப் புது மெட்டில் வெடி ஒரே மூச்சில் பாடி முடித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெந்நீரைக் குடித்தது நான்தான்.

வெடி போன பிறகும் என் மனைவி மைக் முன்னாலேயே நின்றாள்.

"அந்த மூணாவது பாட்டுல 'இடம் கொடு'தான் சரி" என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

தங்கை கதவைத் திறந்துகொண்டு அண்ணியிடம் ஓடினாள்.

காரில் பின்சீட்டு முழுக்கத் தாளைப் பரப்பிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் டிரைவருக்குப் பக்கத்தில். வீடு வரை ஓயாத பேச்சு. ஒருமுறைகூட யாரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.