சிவப்புச் சேலை சுற்றிய கை

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்டில் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் கிடையாது. கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு லாண்டரி அறை. நம் துணி துவைத்து முடிந்தும் நாம் போய் எடுக்காவிட்டால், அடுத்து வருகிறவர்கள் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தங்கள் துணியைப் போட்டுக்கொள்வார்கள். கோபமும் இல்லை, சண்டையும் இல்லை, அது இங்கே வழக்கம். வந்த புதிதில் ஒருநாள் போய்ப் பார்த்தால், துணி காயவைக்கும் டிரையரில் கிடந்த என் ரவிக்கையும் உள்பாவாடையும் மேசைமேல் மடித்து அடுக்கியிருக்கின்றன. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மடித்தவள் டெனிஸ், இரண்டாவது மாடிக்காரி, ஐம்பது வயதிருக்கும் கறுப்பினப் பெண். முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை, வெள்ளைக் கோட்டுதான் உடுப்பு. பேச வராமல் நான் தலையை ஆட்டி நன்றி சொன்னேன். பக்கவாட்டில் ஆடும் நம் ஊர்த் தலையாட்டலை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, தொட்டிருக்கக் கூடாதென்கிறேன் என்று நினைத்து, "சாரி, சாரி" என்று பின்வாங்கினாள்.

பகலில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்தவர் கமலம் அக்கா ஒருவர்தான். கரூர்க்காரர், மேல் மாடியில் மகளோடு இருக்கிறார். அவர் இல்லையென்றால் என் மகனும் மருமகள் மாலினியும் வேலை முடித்து வரும்வரை என் வாய்க்கு வேலையே இருக்காது. அக்கா நிறையப் பட்டவர். கடையில் காவலாள் ஒருவன் அவரை மட்டும் பின்னாலேயே தொடர்ந்து வந்தான். பூங்காவில் யாரோ "உங்க ஊருக்குப் போ" என்று கத்தினார்கள். சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு, "அந்த டெனிசு தொட்ட துணிய மறுக்கா அலசாமக் கட்டாத புள்ள. அவங்கெல்லாம் எப்படியோ என்னமோ" என்பார்.

அப்போது எனக்கு அம்மாவின் நினைவு வரும். சாத்தூர்ப் பக்கம் எங்கள் தெருக்குழாயில், மேலத்தெருக்காரர்கள் வந்தால் எங்கள் குடங்களை ஒதுக்கிவிட்டு அவர்கள்தான் முதலில் பிடிப்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, "நாமளும் மனுசங்கதான?" என்று அழுவாள். மறுநாள் காலனிப் பெண்கள் குடம் வைத்தால், அதே அம்மா ஒரு விறகுக் குச்சியால் அந்தக் குடங்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளுவாள். கையால் தொடமாட்டாள். தனக்கு நடந்த அநியாயத்தை அவள் சாகும்வரை மறக்கவில்லை. அந்தக் குச்சியை ஒருநாளாவது நினைத்திருப்பாளா, தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இதற்கெல்லாம் பெயர் தெரியாது. அடிபட்டவர்களுக்கு அடுத்தவர் வலி தானாகத் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை.

போன ஆடியில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு அக்கா புதுச் சிவப்புச் சேலை எடுத்தார். சாயம் நிற்கட்டும் என்று உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் பிழிந்துகொள்ளலாமென்று சொட்டச்சொட்ட வாளியில் கீழே கொண்டுவந்தார். நானும் கூடப் போனேன். மெஷினுக்குள் டெனிஸின் வெள்ளைக் கோட்டுகள் துவைத்து முடிந்து கிடந்தன. அவற்றைத் தொட மனமில்லாமல், அக்கா ஈரச்சேலையின் முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்து மேசையில் போட்டார். தோளிலும் முதுகிலும் சிவப்பு அப்பிக்கொண்டது. பார்த்ததும், "வா புள்ள, மேல போயிரலாம்" என்று சேலையைப் பிழியாமலே என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் மாலினியோடு போனபோது கீழே சத்தம். மேனேஜர் ரோசாவைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ரோசா அந்த அறையைத் துடைக்க வரும் குவாத்தமாலாப் பெண். அவள் துடைக்கும் துணிகளும் சிவப்பு. "அவளோட துணியிலேர்ந்துதான் கலர் இறங்கியிருக்கு, வேலையை விட்டு நிறுத்திடறேங்கறார் அத்தை" என்றாள் மாலினி. ரோசா வாளியை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

டெனிஸ் கறைபட்ட கோட்டை மேசையில் விரித்தாள். "டிட் யூ சீ ஹெர்?" என்றாள். மேனேஜர் ஏதோ இழுத்தார். "நோ. டிட் யூ சீ?" என்று மறுபடியும் கேட்டு, மேலும் ஏதோ சொன்னாள்.

"பாழானது என் துணி. நானே அவளைச் சொல்லலை, கண்ணால பார்க்காம நீங்க எப்படிச் சொல்லலாம்னு கேக்கறாங்க" என்றாள் மாலினி என் காதில். நஷ்டப்பட்டவள் அவள். கிடைத்தவர்மேல் பாய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்கிறேன் என்று மேனேஜர் போய்விட்டார். நான் நேரே அக்காவிடம் போனேன்.

"அக்கா, அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும்."

"நான் போய்ச் சொன்னா என்னைய என்னன்னு நினைப்பாங்க? இந்தியாக்காரங்களே இப்படித்தான்னு பேராயிடாதா?"

"இப்ப அந்தப் பேரு ரோசாவுக்குல்ல வந்திருக்கு."

"ஓ, எனக்கே நியாயம் சொல்ல வந்துட்டயா?"

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன்க்கா."

"எந்த இங்கிலீசுல சொல்லுவ?"

"கையைச் சுத்திக் காட்டுவேன்."

"காட்டு, போ. அப்புறம் இந்தப் பக்கம் வந்துராத."

நான் படியிறங்கி வந்துவிட்டேன். இந்தத் தேசத்தில் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை அவர். ஆனாலும் காலையில் மாலினியை அழைத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் கிளம்புவதற்குள் அக்காவே கதவைத் தட்டினார், கையில் அந்தச் சேலை. "உம் மருமகளைக் கூப்புடு. நானே சொல்றேன்."

கீழே மேனேஜர், டெனிஸ், ரோசா மூன்று பேரும் இருந்தார்கள். தவறுதலாகச் சாயம் பட்டுவிட்டது என்று மாலினி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தார். "தொடக்கூடாதுன்னு கையில சுத்திக்கிட்டேன்னு சொல்லு கண்ணு."

"அது எதுக்கு ஆன்ட்டி?"

"சொல்லு. என்னைய யாராச்சும் அப்படி நினைச்சப்ப நான் எத்தன அழுதிருக்கறேன்."

மாலினி சொன்னாள். டெனிஸின் முகம் இறுகியது. அக்காவை அவள் பார்க்கவே இல்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, முதலில் ரோசாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள். அவரும் மன்னிப்புக் கேட்டார். தன் முகத்தில் அறைந்த மாதிரி ஒன்றைக் கேட்ட அந்த நிமிடத்திலும் அவளுக்கு ரோசாதான் முதலில். இப்படியொரு மனதை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. தன் வாயாலேயே அதைச் சொன்ன அக்காவையும் நான் குறைத்து நினைக்கமாட்டேன். அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

டெனிஸ் அக்காவோடு பேசவில்லை. பேச வேண்டுமென்று யார் கேட்க முடியும்? ஒரு கோட்டின் தோளில் மட்டும் விரல்தடம் போகாமல் வெளிர்சிவப்பாக நின்றுவிட்டது. அதையும் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.

போன வாரம் டிரையரில் அந்தக் கோட்டுகள் காய்ந்து கிடந்தன. அக்கா வெறுங்கையோடு முன்னால் நின்று, எடுக்கலாமா என்று என்னைப் பார்த்தார். டெனிஸ் வாசலில் வந்து நின்றாள். அக்காவின் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு மோவாயால் மேசையைக் காட்டினாள். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, பட்டுச்சேலையை மடிப்பதுபோல் நீவி நீவி மடித்தார். அந்தத் தடத்தின்மேல் வந்ததும் கை கொஞ்சம் நின்றது.

நான் பெஞ்சில் இருந்தேன். பக்கத்து மெஷினில் தண்ணீர் விழும் சத்தம் எங்கள் குழாயடிச் சத்தம் போலவே இருந்தது. அம்மாவைக் கூட்டிவந்து இதைப் பார்க்கவைக்க வேண்டும் போலிருந்தது. என்னை அறியாமல் கொஞ்சம் நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டேன். அது தனக்கென்று நினைத்து, டெனிஸ் வந்து உட்கார்ந்தாள்.