பதினொரு மணி மேசை

முதலில் பத்ரோன். முதலாளியை நாங்கள் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவோம். அல்ஜீரியாவில் மலைப்பக்கத்து ஆள். மேசையின் தலைப்பக்கம் இருப்பார்.

அவருக்குப் பக்கத்தில் கிழவர். பத்ரோனின் மனைவிக்குச் சித்தப்பா. கடையில் எல்லோரும் அவரைத் தொந்தொன் என்பார்கள். மாமா, சித்தப்பா எல்லோருக்கும் பிரெஞ்சில் அந்த ஒரு சொல்தான். காலையில் வந்து உருளைக்கிழங்கு உரிப்பார். சம்பளம் கிடையாது. சும்மா இருக்கப் பிடிக்காமல் வருகிறவர்.

எதிரே, ஆட்களின் மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர். பத்ரோனின் ஊர்க்காரர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாற்பது வயது இருக்கும்.

பிறகு அண்ணை. சமையல் அவர். கூடப் பிறந்தவர் இல்லை, வயதுக்கு மூத்தவர். பாரிஸுக்கு வெளியே எபினேயில் நானும் அவரும் ஒரே அறை.

கடைசியில் நான். கோப்பை கழுவுகிறவன். மேசைக்குத் தட்டு வைப்பதும் நான்தான். ஐந்து தட்டு.

கடை, எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து கார் து நோர் ரயில் நிலையம் போகிற வழியில். குஸ்குஸ் கடை. அல்ஜீரியச் சாப்பாட்டை யாழ்ப்பாணத்தான் சமைப்பான். பாரிஸில் அது புதினம் இல்லை. பதினொரு மணிக்கு வேலைக்காரர் சாப்பிட வேண்டும். பன்னிரண்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்பது பத்ரோனின் சட்டம்.

2009ஆம் ஆண்டு மே மாதம். வன்னியில் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணையின் தங்கை குடும்பம் உள்ளே இருந்தது. ஒரு செய்தியும் இல்லை. அண்ணை சமைத்தார், சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போவார். நான் அதைக் கழுவுவேன்.

பத்ரோன் நாலைந்து நாள் பொறுத்தார். பிறகு ஒலிவ் காய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். அவர் பேசியது பிரெஞ்சு. நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"சாப்பிடு. ஒருக்காத் தோத்ததுக்கு இப்பிடி இருக்கிறாய். நாங்கள் எத்தனை தரம் தோத்தனாங்கள் தெரியுமோ?"

ஒலிவைத் தின்று கொட்டைகளை மேசையில் வைத்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அப்படித்தான் அவர் நாட்டுச் சண்டைகள் எங்கள் மேசைக்கு வந்தன.

முதல் நாள் குதிரைகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியது. அவருடைய ஆட்கள் கடிவாளம் இல்லாமல், சேணம் இல்லாமல் குதிரை ஓடினவர்களாம். ஒரு பக்கம் ரோமாபுரி, மறுபக்கம் கடற்கரையில் கார்த்தேஜ் என்ற பட்டணம்.

"எங்கட குதிரை எந்தப் பக்கம் நிண்டுதோ அந்தப் பக்கம் வெண்டது."

"ரெண்டு பக்கமும் நிண்டதுகளோ?" என்றார் அண்ணை.

"முதல் ஒரு பக்கம். பிறகு மற்றப் பக்கம்."

"கெட்டிக்காரக் குதிரையள்."

அந்த மாதம் அண்ணை சிரித்தது அன்றைக்குத்தான். இரண்டாயிரம் வருடம் போனால் சிரிக்கலாம் போல. கொஞ்சம் சாப்பிடவும் செய்தார்.

பிறகு தினமும் நடந்தது. அரபுப் படை வந்ததும், மலையில் ஒரு ராணி எதிர்த்து நின்றதும். "அவவும் தோத்தவதானே?" என்றார் அண்ணை. "தோத்தவ. பேர் நிண்டது" என்றார் பத்ரோன். அடுத்து முந்நூறு வருடம் துருக்கியர். அல்ஜே துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குப் பயந்து ஐரோப்பிய ராசாக்கள் கப்பம் கட்டினார்களாம். அன்று மேசை முழுக்கக் கப்பல்.

"பத்ரோன், எல்லாக் கப்பலையும் திண்டு முடியாதேங்கோ. வாற ஆக்களுக்கும் ஒலிவ் வேணும்" என்றார் ஊர்க்காரர்.

"வாறவங்கள் பிரெஞ்சுக்காரர். பார்த்துக்கொண்டு இருக்கட்டும்."

பிரெஞ்சுக்காரர் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஒரு அமீர் குதிரைப் படையோடு பதினைந்து வருடம் அடிபட்டு, கடைசியில் வாளைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அதே நாட்டுப் பெடியளுக்குத் தொளதொள காற்சட்டையும் துவக்கும் கொடுத்து ருஷியாப் பக்கம், மெக்சிக்கோ, ஜெர்மன்காரன் வெட்டிய பதுங்குகுழி என்று பிரான்சுக்காக அனுப்பினார்கள். அந்தக் கொட்டைகளைப் பத்ரோன் பிரான்ஸ் பக்கம் வைத்தார். வைக்கும்போது பார்க்காமல் வைத்தார். கெதியாக அடுத்த கதைக்குப் போனார்.

அடுத்தது அவர் கண்டது. பிரான்சை எதிர்த்து ஏழரை வருடச் சண்டை. அவர் அப்போது சின்னப் பிள்ளை. தாய் மாவுக்குள் தோட்டா வைத்து மலைக்குக் கொண்டுபோனவராம். அண்ணை தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். கிழவர் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"தொந்தொன், நீங்கள் அப்ப இளந்தாரி. எந்தப் பக்கம் நிண்டனீங்கள்?"

எங்கள் ஆட்களிடம் அது பிழையான கேள்வி இல்லை. லா சப்பலில் ஒரு முகத்தைக் கண்டால் முதலில் ஊர் எது என்று கேட்போம். அடுத்தது எந்தப் பக்கம் நின்றாய் என்பதுதான். கேட்காமல் விட்டால்தான் மனதுக்குள் ஏதோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம். கிழவர் ஒரு வீரக்கதை சொல்லுவார் என்று அண்ணை நினைத்தார். தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார்.

அவர்கள் வீட்டில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பத்ரோனுக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருப்பதுதான் அவர்கள் அந்த மனிதரை வைத்துக்கொண்ட விதம். ஊரில் கேட்டால், பக்டரியில் வேலை செய்தவர் என்று சொல்லுவார்கள். அந்தப் பேசாமையை நம்பித்தான் ஓகஸ்டில் பத்ரோனின் காரில் கிழவரும் ஊருக்குப் போவதாக இருந்தது. சண்டை முடிந்த அறுபத்திரண்டில் வந்தவர் ஒருதரமும் திரும்பிப் போகவில்லை. அக்கா ஒருத்தி இருந்தாள். கண் தெரியாது. சாகிறதுக்கு முதல் தம்பி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதற்கு முந்தின கிழமைதான் அக்காவுக்குத் துணி எடுக்க நான் அவரை லா சப்பலில் சேலைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துணியாகத் தடவினார். "அவள் கையாலதான் பாப்பாள். பாரமான கரை உள்ளதாக் காட்டச் சொல்லு" என்றார். கடைப் பிள்ளை என்னைப் பார்த்து, "தாத்தாவுக்குக் கலியாணமோ?" என்று கேட்டாள். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். கிழவர் சிரித்து, "ஓம், பொம்பிளை பாத்துத் தரச் சொல்லு" என்றார். மஞ்சளில் ஒன்று எடுத்தார். நிறத்தை அவர் பார்க்கவே இல்லை.

மேசையில் கிழவர் முள்ளுக்கரண்டியை வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம்.

"பிரான்ஸ் பக்கம்" என்றார்.

ஊர்க்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அவர் கிழவரைப் பார்க்கவில்லை. பத்ரோனைப் பார்த்தார். பத்ரோன் கொட்டைகளைப் பார்த்தார். கிழவர் எழும்பி, இரண்டு பக்கத்துக் கொட்டைகளையும் ஒரே கையால் வழித்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு உருளைக்கிழங்குக்குப் போனார்.

இரண்டு மூன்று நாள் கழித்து நான் கழுவிக்கொண்டிருக்கப் பத்ரோன் உள்ளே வந்தார். கிழவருக்கு முன்னால் நின்றார்.

"கார் நிறைஞ்சுபோச்சு, தொந்தொன். மனுசியின்ர சாமான் கூட."

"சரி" என்றார் கிழவர். கையில் இருந்த கிழங்கை உரித்து முடித்தார்.

அண்ணைக்கு விளங்கவில்லை. என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். ஊர்க்காரரின் சிற்றப்பனைச் சுட்டது கிழவரைப்போலப் பிரான்ஸ் துவக்குத் தூக்கிய ஆட்கள். ஓகஸ்டில் ஊர்க்காரரும் அங்கே போகிறார். இனி ஊர் முழுக்கத் தெரியும். பத்ரோன் கிழவரை அங்கே கொண்டுபோய் இறக்க ஏலாது.

அண்ணை கரட் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உந்தாள் துரோகியெண்டு எனக்கென்னெண்டு தெரியும்? எங்கட ஊரெண்டா அப்பவே கம்பத்தில கட்டியிருப்பாங்கள். என்ன தம்பி?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் காணாது என்று சொல்வது போலச் சொன்னார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

என் சொந்த அண்ணனை இயக்கம் கட்டிச் சுட்டது சந்தியில் இருந்த லைற் கம்பத்தில். எனக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்குச் சின்னக் கடை ஒன்று. ஆமி முகாமுக்குக் கிட்ட. சோடா, சிகரெட் விற்றவன். கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. என்ன எழுதியிருந்தது என்று எழுத மாட்டேன். பின்னேரம்தான் எடுக்க விட்டார்கள். லா சப்பலில் எல்லோருக்கும் நான் சொல்லி வைத்திருப்பது, அண்ணன் ஆமி அடித்த செல் விழுந்து செத்தவன் என்று. அண்ணைக்கும் அதுதான் தெரியும். அந்த அறையில் அவர் கஞ்சி வைத்துத் தந்து என் காய்ச்சலைப் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு கிழவர் மேசைக்கு வரவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டார். பத்ரோன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. யூலையில் கடைக்கு வருவதையும் விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு நான் கிழவரைப் பார்க்க அவர் இருந்த கார்ஜுக்குப் போனேன். ரயிலில் இருந்து இறங்கினால் நடை தூரம். ஐந்தாம் மாடி. கட்டிலில் சேலைக்கடைப் பை அப்படியே இருந்தது. தேத்தண்ணீர் வைத்துத் தந்தார். ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் அண்ணனையும் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

"என்ர அண்ணனும்" என்றேன். பிரெஞ்சில் மூன்று சொல். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

அவருக்கு விளங்கியது.

"ஆர் புதைச்சது?"

"எரிச்சது. அம்மாவும் நானும். வேற ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லை."

எங்களில் பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. தூக்க ஆள் இல்லாமல் அம்மா வந்தா. வண்டிலைத் தள்ளிக்கொண்டு தெருவால் போகும்போது வீடுகளின் படலை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. அதை அவருக்குச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது.

"அந்தச் சமையல்காரனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"சொல்லாதை" என்றார். "நான் சொன்னன். பாத்தனிதானே."

வெளிக்கிடும்போது பையை என் கையில் தந்தார். "அம்மாவுக்கு அனுப்பு." அம்மா விதவை. மஞ்சளும் சரிகையும் உடுக்க மாட்டா. வாங்கிக்கொண்டு வந்தேன். என் பெட்டியில் அடியில் கிடக்கிறது. அண்ணை ஒருநாள் கண்டுவிட்டு, "ஆருக்கடா சேலை? சொல்லாமல் கட்டப் போறியோ?" என்று பகிடி பண்ணினார். நானும் சிரித்தேன்.

ஓகஸ்டில் கார் போனது. செப்டெம்பரில் பத்ரோன் அத்திப்பழப் பெட்டியோடு வந்தார். அக்கா இன்னும் இருக்கிறாள், தம்பியைக் கேட்டாள் என்றார். என்ன சொன்னீர்கள் என்று அண்ணை கேட்டார். சுகமில்லை என்று சொன்னேன் என்றார் பத்ரோன். கடை திறந்த முதல் நாள் கிழங்கு உரிக்க ஆள் இல்லை. அண்ணையே உரித்தார்.

அந்தக் குளிருக்குள் கிழவரின் அக்கா செத்தாள். கிழவர் அதற்கு அடுத்த வருடம். இரண்டு செய்தியையும் பத்ரோன் மேசையில்தான் சொன்னார். "சண்டைக் கதை ஏதும் சொல்லுங்கோவன்" என்று அண்ணை இடைக்கிடை கேட்பார். முடிந்துவிட்டது என்பார் பத்ரோன். ஒலிவ் கிண்ணம் வரும், கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைப்பார்.

நவம்பரில் லா சப்பல் கடைகளில் சண்டையில் செத்த இயக்கப் பெடியளின் படங்களுக்கு விளக்கு வைப்பார்கள். அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நான் நின்று கும்பிடுவேன். அவர்களிலும் பிழை இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் அந்த வெளிச்சத்தில் என் அண்ணனின் முகம் எனக்கு வரும். நான் நிலத்தைப் பார்ப்பேன். உருக்கமாகக் கும்பிடுகிறேன் என்று பக்கத்தில் நிற்கிறவர் நினைப்பார்.

அண்ணைக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்தால் அறியட்டும்.

கடை திறந்த அந்தச் செப்டெம்பர் காலை, பழக்கத்தில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். "ஒண்டு கூட" என்றார் ஊர்க்காரர். பத்ரோன் ஒலிவ் கிண்ணத்தை எடுத்தார். நான் திரும்பிப்போய் ஒன்றை அடுக்கில் வைத்துவிட்டு வந்து அவர்களோடு இருந்து சாப்பிட்டேன். இன்றைக்கும் பதினொரு மணிக்குத் தட்டு வைப்பது நான்தான்.

நான்கு.