உப்புக் காலோடு நின்றவர்கள்

கதவைத் திறந்து வைத்துவிட்டால் எல்லோரையும் உள்ளே அழைத்ததாக ஆகிவிடுமா? மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய நடுநிலைப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகத் தலைமையாசிரியராக இருக்கும் சகாயசெல்விக்கு இந்தக் கேள்வி தாமதமாகத்தான் எட்டியது.

நேர்மையானவர், கொஞ்சம் அவசரக்காரர். பெற்றோர் கூட்டத்துக்கு விவசாயக் குடும்பங்கள் வரும். உப்பளத்தில் வேலை செய்யும் தாய்மார்கள் மட்டும் இப்போதெல்லாம் கண்ணில் படுவதில்லை. மூன்று ஆண்டுகளாகப் பதிவேட்டில், 'உப்பளப் பெற்றோர் வரவில்லை. ஆர்வமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு வந்தார்.

சென்ற மார்ச் மாதக் கூட்டத்தில் சிவஞானம் என்ற விவசாயி ஒரு யோசனை சொன்னார். தாய் விடியுமுன்பே உப்புப் பாத்திக்குப் போய்விடுவதால், உப்பளப் பிள்ளைகள் தம்பி தங்கைகளைக் கிளப்பிவிட்டுப் பத்து மணிக்குத்தான் வருகிறார்கள். பாடம் தடைபடுகிறது. அவர்களுக்குத் தனி வகுப்பு வைத்துவிடலாமே? சகாயசெல்விக்கும் அது கருணையாகவே பட்டது. தீர்மானத்தை எழுதத் தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எம் பொண்ணு நிவேதாவ தனியா ஒக்கார வெக்காதீங்க டீச்சர்."

சாலம்மாள். அவள் பின்னால் சுவரோரம் இன்னும் ஏழு பெண்கள்.

"எப்ப வந்தீங்க? உள்ள வர்றதுக்கென்ன?"

"எப்பவும் வர்றதுதான். காலெல்லாம் உப்பு. டைல்ஸ் வீணாப்பூடும்னு இங்கயே நின்னு கேட்டுட்டுப் போயிடுவோம்."

முதலாளி வீட்டுத் தரையில் உப்புக் காலோடு ஏறக் கூடாது என்பது அவர்கள் பழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்குப் புதுத் தரை வந்ததும் இங்கும் அதையே கடைப்பிடித்திருக்கிறார்கள், யாரும் சொல்லாமலே.

சகாயசெல்வி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் மணலுக்குப் போனார்.

"உள்ள ஃபேன் சுத்துது. நாம வெயில்ல காயணுமா டீச்சர்?" என்றார் சிவஞானம்.

"அரை மணி நேரம் காயறதுக்கே இப்டியாண்ணே? நாங்க உப்பாவே ஆயிட்டோம்" என்றாள் சாலம்மாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் சிவஞானமும் நாற்காலியோடு வெளியே வந்துவிட்டார்.

தனி வகுப்பு கைவிடப்பட்டது. உப்புக் காலம் முடியும்வரை முதல் பாடவேளை எல்லோருக்கும் விளையாட்டு; பாடம் பத்து மணிக்கு மேல்தான். "ஒரு மாசம் பாப்போம்" என்று முனகித்தான் சிவஞானம் கையெழுத்திட்டார்.

எல்லோரும் போனபின், சகாயசெல்வி மூன்று ஆண்டுப் பதிவுகளையும் புரட்டி, தாம் எழுதியதை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் 'வெளியே நின்றிருந்தார்கள்' என்று எழுதி, அன்றைய தேதியிட்டார். பதிவேட்டைத் திருத்தியதற்கு விளக்கம் கேட்டு மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. நினைவூட்டலும் வந்தது. பதில் எழுத இரண்டு வரி போதும். விளக்கம் பதிவேட்டிலேயே இருக்கிறதே என்று நினைத்தவர், கடைசிவரை எழுதவில்லை.