எண்ணாமல் விட்ட விரல்கள்

2023 ஜூலை 17, திங்கட்கிழமை, காலை 5 மணி 52 நிமிடம். இரவுத் தூறல் நின்றுவிட்டிருந்தது. காற்று அசையவில்லை, புழுக்கம். ஒரகடம் சாலையில் எங்கள் தொழிற்சாலை வாசலில், வருகைப்பதிவு மெஷின் முன்னால் ஒரு பெண் ஏழாவது முறையாக விரலை வைத்தார். ஏழு முறையும் சிவப்பு விளக்குதான். ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். அவருக்குப் பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள்.

"இன்னா சார் இது? நா ஒங்க எதிர்லயே நின்னுகினு கீறேன். மெஷினு நா வரலன்னு சொல்லுது."

நான் டைம் ஆபீஸ் கிளார்க். முப்பத்தொரு வருடம் வருகைப் பதிவேடு பார்த்தவன். அதில் இருபத்திரண்டு வருடம் கையால் எழுதினேன், ஒன்பது வருடம் மெஷின் எழுதியது. அவரை உள்ளே போகச் சொன்னேன். போய் எட்டு மணி நேரம் வேலை செய்தார். மெஷின் கணக்கில் அன்று அவர் வரவில்லை.

அது அவருடைய பதினோராவது 'வராத' நாள். மெஷின் விரலை எடுக்காவிட்டால், 'மிஸ் பன்ச்' என்ற சீட்டில் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். ஒருவருக்கு மாதம் மூன்று சீட்டுதான். அதற்கு மேல் கையெழுத்திட்டால் சூப்பர்வைசரைக் கேள்வி கேட்பார்கள். அதனால் நான்காவது சீட்டில் எவரும் கை வைக்க மாட்டார்கள். அன்று பத்தரை மணிக்கு, தொடர்ந்து வராதவர்களின் பட்டியல் அச்சாகி என் மேஜைக்கு வந்தது. மூன்று பெயர்கள், அதில் அவருடையதும் ஒன்று. 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். எதையும் சரிபார்க்கவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பென்னலூர்க்காரர், கியர் கழுவும் பகுதியில் ஒன்பது வருட வேலை, படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர்.

செப்டம்பரில் ஓய்வு பெற்றேன். தூக்கம் கெட்டது. படுத்தபடி கூரை ஓட்டில் எத்தனை வரிசை என்று எண்ணுவேன், நாற்பத்தாறு வரும். மறுபடி எண்ணினாலும் நாற்பத்தாறுதான். அந்தக் கையெழுத்து மட்டும் எந்த எண்ணிக்கையிலும் கரையவில்லை.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. மெஷின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால், கடைசி ஏழு மாதம் அது எடுக்காத ஒவ்வொரு விரலையும் குறித்து வைத்திருந்தேன். தேதி, மணி, ஆள், எந்த விரல், அன்றைய வானிலை எல்லாம் அதில் உண்டு. இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது என்ற பெருமையோடு, அந்தப் பெண்ணுக்காக வழக்கை நடத்திய தொழிற்சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் கைரேகை பற்றி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியை ஒருவரை அழைத்து வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சாலைக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். இரண்டு டீ ஆறிப்போயின.

"சார், ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க. அதே நாள்ல மெஷின் எடுத்த விரல் எத்தனை?"

அதை நான் எழுதவில்லை.

"அப்போ இது பாதிக் கணக்குதான் சார். நூறு பேர் வெச்சு பத்து பேருக்கு எடுக்கலன்னா ஒரு கதை. பத்தாயிரம் பேர் வெச்சு பத்து பேருக்கு எடுக்கலன்னா வேற கதை. ஜட்ஜ் முதல்ல இதைத்தான் கேட்பார்."

அறுபது வயதில், வாழ்நாளெல்லாம் எண்ணிய ஒருவனிடம் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. குறை மட்டும்தான் என் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. என் மனைவியைக் கேட்டால், அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

நிர்வாகம் உள்ளே விடாது. அதனால் அந்த டீக்கடையிலேயே ஒரு மேஜை போட்டோம். பேராசிரியை அதே வகை மெஷின் ஒன்றைக் கொண்டு வந்தார். காலை எட்டு மணி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதித்தவர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்கி, விரலை வைக்கச் சொன்னோம். மருந்துத் தண்ணீரில் விரல் ரேகை தேய்ந்துபோகும் கழுவும் பகுதி ஆட்கள் எத்தனை பேரோ அதே அளவு மற்றப் பகுதி ஆட்களும் வேண்டும் என்றார். எடுத்தது, எடுக்காதது என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுவது என் வேலை. பெயர் எழுதக் கூடாது, எண்தான். சர்க்கரை இல்லாத டீயோடு தினமும் மாலை நான்கு மணிக்கு நான் ஆஜர்.

மூன்றாம் நாள் மாலை என் தலையில் இடி விழுந்தது. வரிசையில் வருகிற ஒவ்வொருவரும், விரலை வைப்பதற்கு முன்னால் அதைத் தலைமுடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை. தேங்காய் எண்ணெய்ப் பசை பட்டால் தேய்ந்த ரேகையும் மெஷினுக்குத் தெரியும். இந்த வித்தையை வாசலில் நின்று அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

பேராசிரியையிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மூன்று நாள் தாள்களை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு, 'பயன்படாது' என்று எழுதித் தேதியிட்டார். ஆனால் கிழித்துப் போடவில்லை. "இதுவும் நடந்ததுதானே சார்," என்றார். மறுநாளிலிருந்து விரலைத் துடைத்து ஒரு முறை, தேய்த்து ஒரு முறை என்று நான்கு கட்டம் போட்டேன். அப்புறம் இருபத்துநான்கு மாலைகள். எண்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை அவருடைய கட்டுரையில் இருக்கின்றன. என் வாயால் சொன்னால் ஒன்று கூடினாலும் கூடும்.

நாலைந்து நாள் கழித்து அந்தப் பெண்ணும் வந்தார். எல்லாரும் தலையில் தேய்க்க, அவர் மட்டும் தேய்க்கவில்லை. நான் ஏழு மாதம் பார்த்தும் கேட்காததைப் பேராசிரியை ஐந்து நிமிடத்தில் கேட்டார்: நீங்கள் ஏன் தேய்ப்பதில்லை?

"நா வாஷிங்ல இருந்தேன் மேடம். கியருல இருக்கிற எண்ணெய எடுக்கறதுதான் என் வேலையே. எண்ணெக் கையோட தொட்டா கறை வுழும், பார்ட்டு ரிஜெக்ட்டு. கையில எண்ணெ இருக்கக் கூடாதுன்னு உள்ள போர்டே மாட்டி வெச்சிக்கீறாங்க."

பேராசிரியை அதை அப்படியே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டார்.

கட்டுரை தயாரானதும் சங்கச் செயலாளருக்கு ஒரு கவலை வந்தது. எண்ணெய் தேய்த்தால் பெரும்பாலான விரல்களை மெஷின் எடுக்கிறது என்ற பகுதி அதில் இருந்தது.

"இத்த எதுக்கு மேடம் எழுதணும்? எதிர் வக்கீலு கையில நாமளே கத்திய கொடுக்கிற மாரி கீது."

"அதை எடுக்கணும்னா மீதியையும் எடுத்துடுங்க சார். நான் சாட்சிக்கு வரல."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். உள்ளுக்குள் நானும் செயலாளர் பக்கம்தான். வேலை போன பெண்ணுக்கு முன்னால் நேர்மையைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் பெண்தான், "மேடம் எழுதுனது இருக்கட்டும்ணா," என்று முடித்து வைத்தார். அந்தப் பகுதி இருந்தது.

சமரசப் பேச்சு தோற்று, வழக்கு சென்னையில் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பது முறை போய் வந்தேன். அதில் ஐந்து வெறும் வாய்தா. என் சாட்சியத்தின்போது, பட்டியலைச் சரிபார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மாதம் பயந்திருந்தேன். சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை.

பேராசிரியையை எதிர் வக்கீல் விசாரித்தார். கட்டுரையில் அந்தப் பகுதியைத்தான் முதலில் திருப்பினார். எண்ணெய் தேய்த்தால் எடுக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இவர் தேய்க்காமல் விட்டது இவர் தவறுதானே என்றார். பேராசிரியை நிதானமாக அடுத்த பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். கழுவும் பகுதியில் எண்ணெய்க் கை கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. அந்த விதியைச் சரியாகக் கடைப்பிடித்ததால்தான் இவர் விரலை மெஷின் எடுக்கவில்லை. வக்கீல் அடுத்த பக்கத்தைப் படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

நீதிபதி கட்டுரை நெடுகப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மற்றப் பகுதி ஆட்களில் எடுக்காதது எத்தனைக்கு எத்தனை?"

டீக்கடையில் என்னிடம் கேட்ட அதே கேள்வி. பேராசிரியை பக்கத்தைச் சொன்னார். நீதிபதி பார்த்து, தலையசைத்து, இன்னொரு கோடு போட்டார். யாரும் குரலை உயர்த்தவில்லை. இருபத்துநான்கு மாலை எழுதிய கட்டங்கள் அந்த மேஜை மேல் இருந்தன, அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்தது. மெஷின் பதிவு மட்டுமே ஒருவர் வரவில்லை என்பதற்கு ஆதாரமாகாது. அந்தப் பெண்ணை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும், இடைக்காலச் சம்பளமும் தர வேண்டும். சரிபார்க்காமல் கையெழுத்திட்டதாகச் சாட்சியே ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரியில் நானும் இருக்கிறேன். அந்த வரியை ஆறு முறை படித்தேன். அது உண்மை என்பதால் ஏழாவது முறை படிக்கவில்லை.

சில மாதம் கழித்து, வருகைப்பதிவு மெஷின்களுக்கு ஒரு வழிமுறை எழுதலாமா என்று யோசித்த தொழிலாளர் துறை அதிகாரிகள் பேராசிரியையைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். வரைவில் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பி, தவறு இருந்தால் சொல்லுங்கள் என்றார். மெஷின் இருந்தாலும் பக்கத்தில் கையெழுத்துப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும், மெஷின் எடுத்தவை, எடுக்காதவை இரண்டையும் எண்ண வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு எண் வரிசை தவறியிருந்தது. சொன்னேன், திருத்திவிட்டார். அது இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது. ஆணையாகுமா என்று தெரியாது.

அந்தப் பெண் இப்போது முதல் ஷிப்டுக்குத்தான் போகிறார். மெஷின் எடுக்காத நாளில், தீர்ப்புக்குப் பிறகு வாசலில் வைத்த நோட்டில் கையெழுத்துப் போடுகிறாராம்.

செலவுக் கணக்குக் கொடுங்கள் சார், கல்லூரியில் வாங்கித் தருகிறேன் என்று பேராசிரியை இரண்டு முறை கேட்டார். ஒன்பது நாள் பஸ் டிக்கெட்டும் சாப்பாட்டு பில்லும் நகலெடுத்த ரசீதுகளும் தேதி வாரியாக என்னிடம் இருக்கின்றன. நோட்டு இரண்டு. பயன்படாத மூன்று நாளையும் சேர்த்து இருபத்தேழு டீ. கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டது நான். அதற்கு எனக்கு ஆனது இரண்டாயிரத்து நூற்று எண்பத்தாறு ரூபாய்.